மறு: ‘பூச்சி எதிர்ப்புத்திறன்’ – யாருடைய எதிர்ப்பு? (வியாழனுக்குள் வேண்டும்)
(எழுதுபவர்கள் பெங்களூர்ப் பகுதிப் பெயர்களால் குறிக்கப்படுகிறார்கள்.)

ஹெப்பாள்:
அன்பர்களே, பெரம்பலூர்ப் பருத்தி உழவர்களுக்கான கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘பூச்சி எதிர்ப்புத்திறன்’ என்ற இடத்தில் நிற்கிறேன். பயிர் பூச்சியை எதிர்த்தாலும் அதுதான், பூச்சி நஞ்சை எதிர்த்தாலும் அதுதான். புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே உண்டாக்கும்படி மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு 2002-இல் அனுமதி கிடைத்தபோது முதற்பொருளே போதுமாயிருந்தது. குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்தச் செடியில் உள்ள கிரை1ஏசி என்ற நஞ்சைத் தின்றும் பிழைப்பதாக 2010-இல் அறிவிப்பு வந்த பிறகு இரண்டாம் பொருளுக்கும் சொல் வேண்டியிருக்கிறது. ‘நஞ்சு தாங்குதிறன்’ சரியா?

மல்லேஸ்வரம்:
வேற்றுமை உருபு மறைந்து நிற்கும் தொகை செய்த குழப்பம் அம்மா. ‘ஐ’ விரிந்தால் பயிரின் எதிர்ப்பு, ‘அது’ விரிந்தால் பூச்சியின் எதிர்ப்பு. நான் ‘நஞ்சுநோன்மை’ என்பேன். நோன்பு, நோன்றல், திருமுருகாற்றுப்படையின் ‘மதனுடை நோன்தாள்’ எல்லாம் ஒரே வேரில் பிறந்தவை. பொறுத்து நிற்கும் வலிமை என்பது பொருள்.

அல்சூர்:
புலவர் ஐயா, அந்த அடியே ‘உறுநர்த் தாங்கிய’ என்றுதானே தொடங்குகிறது? தாங்குதல் எதில் குறைந்தது? நோன்மை என்றால் உழவர் நோன்பு என்றே படிப்பார்.

ஜாலஹள்ளி:
இரண்டுமே பிழை. நஞ்சு, புழுவின் குடற்சுவரில் உள்ள ஏற்பி என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு துளையிடுகிறது. ஏற்பி திரிந்துபோன புழுவில் அதற்குப் பற்ற இடமில்லை. அந்தப் புழு எதையும் பொறுக்கவில்லை. மேலும், கடிபட்டும் விளைச்சல் குறையாத பயிருக்கென்று ‘தாங்குதிறன்’ என்ற சொல் எங்கள் பாடத்தில் ஏற்கெனவே போய்விட்டது. ‘நஞ்சேலாமை’ பொருந்தும்: நஞ்சை ஏற்காமை.

அல்சூர்:
தம்பி, ‘ஏலாது’ என்றால் ஊரில் ‘முடியாது’. நஞ்சைத் தாங்க முடியாத புழு என்று தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள்! கையேட்டின் உயிர் அடுத்த பக்கத்தில் இருக்கிறது: பி.டி. பருத்தியோடு பி.டி. அல்லாத பருத்தியையும் விதைக்க வேண்டும். அதில் வளரும் சாதாரண அந்துப்பூச்சிகள், நஞ்சுக்குத் தப்பிய சிலவற்றோடு கூடினால்தான் அவற்றின் குஞ்சுகள் பெரும்பாலும் நஞ்சுக்கு மடியும். இதை உழவர் நம்ப வேண்டுமே. ‘மருந்துக்குக் கட்டுப்படவில்லை’ என்றுதான் அவர்களே சொல்கிறார்கள். ‘கட்டுப்படாமை’ போதாதா?

மல்லேஸ்வரம்:
அது பேச்சு. கலைச்சொல் அன்று.

ஹெப்பாள்:
புதன் இரவு பதினொன்று. கடைசியில் நான் கேட்ட ‘நஞ்செதிர்ப்பு’ என்பதற்கு இருவர் ஒப்பினீர்கள். தலைப்பில் அதை இட்டு, உள்ளே ‘மருந்துக்குக் கட்டுப்படாத புழு’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மல்லேஸ்வரம்:
நஞ்செதிர்ப்பு என்பது பாம்புக்கடிக்குக் கொடுக்கும் முறிமருந்துபோல் ஒலிக்கிறது. என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். மறுபதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன்.