காலித் தொட்டியிலயும் எல்இடி மங்கலா எரியுது: வாட்டர் லெவல் கிட் சந்தேகம்

தச்சநல்லூர்_தம்பி:
4 லெவல் வாட்டர் அலாரம் கிட் ஒண்ணு சால்டர் பண்ணி முடிச்சாச்சு. 4 பிசி547 டிரான்சிஸ்டர், 4 சிவப்பு எல்இடி, ஒவ்வொண்ணுக்கும் 470 ஓம் ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர் பேஸ்ல (தொட்டி ஒயர் வந்து சேருற கால்) 10 கிலோஓம், மேல் லெவலுக்கு ஒரு பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரி. டம்ளர் தண்ணியில ஒயரை முக்குனா வரிசையா சரியா எரியுது. மாடித் தொட்டியில மாட்டுனா தண்ணி அடியில கிடக்கும்போதே நாலும் மங்கலா எரியுது. மோட்டர் ஓடும்போது பஸ்ஸர் ‘ங்ஙொய்’னு முனகுது. ஒயர் 12 மீட்டர், மோட்டர் ஒயரோட சேத்துக் கட்டியிருக்கு. டிரான்சிஸ்டர் போயிட்டா அண்ணாச்சி?

பாளை_ரிலே:
டிரான்சிஸ்டர்ல கை வைக்காதீங்க தம்பி, அது நல்லாத்தான் இருக்கு. டம்ளர்ல சரியா எரிஞ்சதே அதுக்குச் சாட்சி.

கோளாறு ஒயர்லதான். தண்ணி தொடாத முனையில பேஸ் அந்தரத்துல தொங்குது. பக்கத்துல ஓடுற 230 வோல்ட் லைன்லேர்ந்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை 12 மீட்டர் ஒயர் ஏரியல் மாதிரி இழுக்கும். வாரது சில மைக்ரோஆம்பியர்தான், பிசி547 அதை 100 மடங்குக்கு மேல பெருக்கிடும். எல்இடி விட்டு விட்டு எரியுறதுதான் மங்கலாத் தெரியுது. உறுதிப்படுத்த, போர்டு பக்கம் ஒயரைக் கழட்டுங்க. எல்லாம் அணைஞ்சா இதேதான்.

மருந்து: ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் பேஸ்-எமிட்டர் நடுவுல 100 கிலோஓம் (பழுப்பு, கருப்பு, மஞ்சள்) ஒண்ணு, அதே ரெண்டு காலுக்கும் நடுவுல 104னு போட்டிருக்குற (0.1 மைக்ரோஃபாரட்) செராமிக் கெப்பாசிட்டர் ஒண்ணு. மொத்தம் 4 + 4. தட்டை முகம் நம்மளப் பாத்து, கால் கீழ இருந்தா இடமிருந்து வலம் கலெக்டர், பேஸ், எமிட்டர். போர்டைத் திருப்பி ஈயப் பக்கம் பாக்கும்போது வரிசை மாறித் தெரியும், இங்கதான் நிறையப் பேரு சறுக்குவாங்க. எமிட்டர் எதுன்னு சந்தேகமா இருந்தா மல்டிமீட்டரை பீப்ல வைச்சு பேட்டரி மைனஸோட தொட்டுப் பாருங்க, பீப் அடிக்கிற கால்தான் எமிட்டர்.

இதனால உணர்திறன் குறையாது. தண்ணி 50 கிலோஓம்னு வைச்சாலும் பேஸுக்கு 140 மைக்ரோஆம்பியர் கிட்ட வரும். 100 கிலோஓம் அதுல 6 மைக்ரோஆம்பியர்தான் தின்னும். ஒயரையும் மோட்டர் லைனை விட்டு ஒரு அடியாவது தள்ளிக் கட்டிக்கிடுங்க.

தச்சநல்லூர்_தம்பி:
போட்டாச்சு, மங்கல் போச்சு. ஆனா தண்ணி எறங்குன பிறகும் மேல் எல்இடி ரொம்ப நேரம் நிக்குது. அடியில காமன் ஒயர் (எல்லா லெவலுக்கும் பொதுவாப் போற ஒயர்) முனை பச்சை பூத்திருக்கு.

வல்லியூர்_காத்தாடி:
ரெண்டும் வேற வேற சங்கதி.

எல்லா முனையையும் ஒரே பிவிசி பைப்புல சுத்தியிருப்பீங்க. தண்ணி எறங்குனாலும் பைப்பு மேல ஈரப்படலம் ஒட்டிக்கிட்டு இருக்கும், கரண்டு அது வழியாப் போகும். போர் தண்ணின்னா உப்புப் பொருக்கு வேற சேரும். திசையன்விளை பக்கத்து உப்புத் தண்ணிக்குக் கேக்கவே வேண்டாம். காமனைத் தனிக் கம்பியில, பைப்பைத் தொடாம ஒரு சாண் தள்ளித் தொங்க விடுங்க. மத்த ஒயர்ல நுனி 2 செ.மீ. மட்டும் உரிச்சாப் போதும்.

பச்சைக்குக் காரணம் மின்பகுப்பு, அதாவது தண்ணி வழியாக் கரண்டு போறதால உலோகம் அரிக்கிறது. காமன் பிளஸ்ல இருக்கு, அதனால செம்பு கரைஞ்சு தண்ணியில சேருது. அந்த முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போடுங்க. செம்பும் ஸ்டீலும் சேருற இடம் தண்ணிக்கு மேல இருக்கணும், ஈயம் வைச்ச ஜாயிண்ட் எதுவும் தண்ணிக்குள்ள போகக் கூடாது. காமன் லைன்ல ஒரு புஷ் சுவிட்ச் வைச்சு, பாக்கும்போது மட்டும் அமுக்குனா அரிப்பு ரொம்பக் குறையும். அப்போ அலாரம் தானா அடிக்காது, அதை யோசிச்சுக்கிடுங்க.

பேட்டரியும் தாங்காது. தொட்டி நிறைஞ்சா 4 எல்இடிக்கே 60 மில்லிஆம்பியர். அடாப்டர்னா டிரான்ஸ்பார்மர் வைச்சது வாங்குங்க. 12 வோல்ட்னா 470 ஓமை 680 ஆக்கிடுங்க. கெப்பாசிட்டர் வைச்சு நேரா 230-ஐக் குறைக்கிற டிரான்ஸ்பார்மர் இல்லாத சப்ளையை மட்டும் இதுல கொடுக்கவே கொடுக்காதீங்க. தொட்டித் தண்ணியே ஷாக் அடிக்கும், ஆளு போயிரும்.

டவுன்_மல்டிமீட்டர்:
குடிக்கிற தண்ணித் தொட்டிக்குள்ள எந்த உலோகத்துலயும் கரண்டு விடுறது எனக்குச் சம்மதமில்லை. மேல் லெவலுக்கு ஒரு ஃப்ளோட் சுவிட்ச் (தண்ணி ஏறுனா மிதவை தூக்கி ஆன் ஆகுற சுவிட்ச்) போட்டுட்டா காமன், அரிப்பு, ஈரப்படலம்னு ஒரு பஞ்சாயத்தும் கிடையாது. அதே கிட்டுல வேலை செய்யும்: மேல் முனைக்கும் காமனுக்கும் போற ரெண்டு ஒயரை மட்டும் ஃப்ளோட்டுல கொடுங்க. பேஸ்ல 10 கிலோஓம் இருக்குறதால நேராவே கொடுக்கலாம். சில கிட்டுல அந்த ரெசிஸ்டரே வராது, அதுல நேராக் கொடுத்தா டிரான்சிஸ்டர் உடனே காலி.

காந்தம் வைச்ச சின்ன ஃப்ளோட்டுல மோட்டர் லைனை நேரா மாட்டாதீங்க, உள்ள இருக்குற ரீட் காண்டாக்ட் (காந்தம் பக்கத்துல வந்தா சேருற மெல்லிசு தகடு) ஒட்டிக்கிடும். தண்ணி நிறைஞ்சதும் அடிக்காம, காலியா இருக்கும்போது அடிச்சா கிளிப்பைக் கழட்டி மிதவையை மட்டும் தலைகீழாத் திருப்பிப் போடுங்க, சரியாயிரும்.