யாழ்ப்பாணத்தில் வண்ணத்துப்பூச்சிப் பதிவு: வரைபடத்தில் வெறுமையாகக் கிடக்கும் கட்டங்கள்

தென்மராட்சி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். நான் தென்மராட்சியில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். கடந்த இரண்டு மாரி காலங்களிலும் பன்னிரண்டு மாணவர்கள் தாங்கள் கண்ட வண்ணத்துப்பூச்சிகளைக் கைபேசியில் படமெடுத்து, நாள், நேரம், இடம் ஆகியவற்றோடு குறித்து வந்தார்கள். அந்தக் குறிப்புகளை எக்செல் அட்டவணையில் சேர்த்துச் சென்ற வாரம் வரைபடத்தில் இட்டுப் பார்த்தோம். நல்லூர், திருநெல்வேலி, சாவகச்சேரி ஆகிய இடங்களைச் சுற்றியும் கண்டி வீதியின் இரு மருங்கிலும் புள்ளிகள் நெருக்கமாக விழுந்தன. வடமராட்சி கிழக்கிலும் தீவுப்பகுதியிலும் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. அதைப் பார்த்த ஒரு மாணவன், "அங்கே வண்ணத்துப்பூச்சி இல்லையா, மிஸ்?" என்று கேட்டான். அப்படியில்லை என்று எனக்குத் தெரிந்தாலும், எங்கள் வரைபடம் அவனிடம் அதைத்தான் சொல்கிறது.

அடுத்த மாரியில் மாதம் ஒரு சனிக்கிழமை மட்டும் ஒரு வான் பிடித்துப் போகக்கூடிய வசதி உண்டு. மாவட்டத்தை எந்த அளவான கட்டங்களாகப் பிரிக்க வேண்டும், எந்தக் கட்டத்துக்கு முதலில் போவது என்பதை எதை வைத்துத் தீர்மானிக்க வேண்டும்? அந்துப்பூச்சிகளையும் சேர்த்துக்கொள்ள மாணவர்கள் விரும்புகிறார்கள்; அது எங்களால் ஆகுமா என்பதையும் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

வல்லைவெளி:

ஆசிரியர் அவர்களுக்கு, நான் நில அளவைத் தொழிலில் இருந்து ஓய்வுபெற்றவன். இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி 1940களில் விரிவாக எழுதிய வுட்ஹவுஸ் நில அளவையாளர் நாயகமாகப் பணியாற்றியவர் என்பதை அறிந்த நாளிலிருந்து இந்தத் துறையில் எனக்குத் தீராத ஈடுபாடு.

உங்கள் மாணவன் கேட்டது மிகச் சரியான கேள்வி. ஒரு வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு விடை சொல்ல முடியாது. இரண்டு வரைபடங்கள் வரையுங்கள். முதலாவதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை தடவை போனீர்கள், எத்தனை மணிநேரம் நின்றீர்கள் என்பதை மட்டும் நிறமிடுங்கள். எத்தனை இனங்கள் கண்டீர்கள் என்பது இரண்டாவதில் வரட்டும். இரண்டையும் அருகருகே வைத்தால், நல்லூரின் அடர்நிறம் பூச்சிகளால் வந்ததா, உங்கள் மாணவர்களின் வீடுகள் அங்கே இருப்பதால் வந்ததா என்பது கண்ணுக்குத் தெரியும். போகாத கட்டத்தைச் சுழியம் என்று ஒருபோதும் எழுதாதீர்கள். அதை நிறமின்றி விடுங்கள். போய், உரிய நேரம் நின்று, ஒன்றையும் காணாமல் திரும்பினால் மட்டுமே சுழியம் எழுதலாம். அந்தச் சுழியமும் பதிவுதான், அதையும் நாள், நேரத்தோடு எழுத வேண்டும்.

கட்டத்தின் அளவுக்கு வருகிறேன். யாழ். மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1,025 சதுர கிலோமீற்றர். பக்கம் 2 கிலோமீற்றராகக் கட்டமிட்டால் சுமார் 256 கட்டங்கள் வரும். கடலும் களப்பும் ஓரங்களை அரித்திருப்பதால் உண்மையில் இன்னும் கூடும். அவை அனைத்துக்கும் ஒரு வானில் போய் முடியாது, போக வேண்டியதும் இல்லை. நிலத்தின் வகையை முதலில் பிரியுங்கள்: வலிகாமத்துச் செம்மண் தோட்டங்கள், மணல்காடு முதல் கிழக்கே நீளும் மணற்பரப்பு, உவர்நிலமும் முட்பற்றையும், தீவுகளின் சுண்ணக்கல் தரை, பனங்கூடல், வீட்டு வளவுகள். ஒவ்வொரு வகையிலும் இரண்டு மூன்று கட்டங்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அதே கட்டங்களுக்கு மாரியிலும், மாரி முடிந்த தையிலும், சோளகம் வீசும் காலத்திலும் திரும்பத் திரும்பப் போவது, புதுப்புதுக் கட்டங்களை ஒவ்வொரு தடவை எட்டிப்பார்ப்பதைவிடப் பயன் தரும்.

எதற்கு முதலில் போவது என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஆன் சாவோ என்ற புள்ளியியலாளர் 1984இல் தந்த வழி அது. ஒரு கட்டத்தில் ஒரே ஒரு தடவை மட்டும் கண்ட இனங்களை எண்ணி, அந்த எண்ணை அதனாலேயே பெருக்குங்கள். இரண்டே தடவை கண்ட இனங்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, முதலில் வந்த தொகையை அதனால் வகுங்கள். வருவது, அங்கே நீங்கள் இன்னும் காணாத இனங்களின் குறைந்தபட்ச மதிப்பீடு. ஒரு கட்டத்தில் 30 இனங்கள் கண்டதாக வைத்துக்கொள்வோம்; அவற்றில் 8 ஒரு தடவையும் 4 இரண்டு தடவையும் மட்டும் கண்டவை என்றால், 64ஐ 8ஆல் வகுக்க 8 வருகிறது. அங்கே 38 இனங்களாவது இருக்கும். இன்னொரு கட்டத்திலும் 30தான், ஆனால் ஒரு தடவை கண்டது 1, இரண்டு தடவை கண்டவை 3 என்றால், விடை ஒன்றுக்கும் மிகக் குறைவு. இரண்டு கட்டங்களும் வரைபடத்தில் ஒரே நிறத்தில் இருக்கும். வான் போக வேண்டியது முதலாவதற்கே.

கணக்கைவிடச் செடி சில வேளை நேராகவே வழிகாட்டும். சமன் மீனின் இளஞ்சிவப்பு நிறமும் கறுப்பு ஓரமும் கொண்ட, உருவில் சிறிய 'ஸ்மோல் சமன் அராப்' என்ற வண்ணத்துப்பூச்சி நம் வறண்ட கரையோரத்துக்கு உரியது. அதன் புழு உவா மரத்தின் இலையில் வளரும். உவா நிற்கும் இடங்களைக் குறித்தாலே, அந்தப் பூச்சியை எங்கே தேடுவது என்பதற்கு அரைவாசி வரைபடம் கிடைத்துவிடும். வேறு வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் வளரும் விழுதி, எருக்கலை, ஈஸ்வரமூலி ஆகியவற்றையும் அப்படியே குறியுங்கள்.

செம்மண் தோட்டம்:

நான் வலிகாமத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்கிறவன். வல்லைவெளி ஐயா சொன்னதோடு நான் அந்துப்பூச்சியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இலங்கையில் வண்ணத்துப்பூச்சிகள் 250 இனத்துக்குச் சற்றுக் குறைவு. அந்துப்பூச்சிகள் அதைப்போலப் பல மடங்கு. எல்லாவற்றுக்கும் பெயர் கண்டுபிடிக்க வெளிக்கிட்டால் மாணவர்கள் களைத்துப் போவார்கள் என்பதே என் அச்சம். கண்ணால் பார்த்தே சொல்லக்கூடிய ஒரு இருபதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைப் படமாகச் சேமித்தால் போதும்.

முறை மிக எளிது. கிணற்றடியில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளை வேட்டியைக் கட்டி, புற ஊதா ஒளி கலந்த மின்குமிழை அதன் முன் தொங்கவிடுவேன். மஞ்சள் எல்ஈடி குமிழுக்கு வருவது குறைவு. நிலவு கூடிய இரவுகளிலும் குறைவு. ஆகவே குமிழின் வகை, நிலவின் நாள், காற்று, எத்தனை மணி தொடக்கம் எத்தனை மணி வரை என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும். அவை இல்லாவிட்டால், எந்த இடத்தில் பூச்சி அதிகம் என்பதைவிட எந்த வீட்டில் குமிழ் நல்லது என்பதையே வரைபடம் காட்டும்.

பகலிலும் புழுக்களைக் கொண்டு பதியலாம். முருங்கை அடியில் தடிப்பாக ஒட்டிக் கிடக்கும் மயிர்க்கொட்டி அந்துப்பூச்சியின் புழுதான். பிள்ளைகள் தொடாமல் படமெடுக்கட்டும். அலரிச் செடியில் பச்சை நிறத்தில் விரல் நீளப் புழு ஒன்று இருக்கும். அதைத் தட்டினால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, முதுகின் முன்பக்கத்தில் உள்ள இரண்டு நீலக் கண்புள்ளிகளை விரித்துக் காட்டும். பச்சையும் வெளிர் ரோசாவும் கலந்த அழகான பெரிய அந்துப்பூச்சி அதிலிருந்து வருகிறது. சோளத்தைத் தின்னும் படைப்புழு 2018இல் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. அதுவும் அந்துப்பூச்சியின் புழுவே. ஊர் ஊராக இரவுப் பதிவு வைத்திருந்தால், அப்படி ஒன்று எந்தக் கிழமையில் எந்த ஊருக்கு வந்தது என்று தோட்டக்காரர் அறிந்திருப்போம். ஒரு வேண்டுகோள்: எங்கள் தோட்டங்களில் பதியும்போது கடைசியாக எப்போது மருந்தடித்தது என்று கேட்டு எழுதுங்கள். கேட்டால் சொல்லுவோம்.

காரைநகர் வாசகி:

நான் சில ஆண்டுகளாகப் படங்களைப் பார்த்து இனம் சரிபார்த்துக் கொடுக்கிறேன். யாழ்ப்பாணத்துப் பதிவுகளில் அடிக்கடி வரும் பிழை ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈஸ்வரமூலியில் வளரும் 'கிரிம்சன் ரோஸ்' வண்ணத்துப்பூச்சி நச்சுத்தன்மை உள்ளது; பறவைகள் அதைத் தவிர்க்கும். கறிவேப்பிலையிலும் தேசியிலும் வளரும் 'கொமன் மோர்மன்' இனத்தின் பெண்களில் ஒரு வடிவம் அதைப்போலவே கறுப்புச் சிறகும் சிவப்புப் புள்ளிகளும் கொண்டிருக்கும். சிறகை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். உடலைப் பாருங்கள்: கிரிம்சன் ரோஸின் உடல் சிவப்பு, மோர்மனின் உடல் கறுப்பு. வீட்டு வளவுகளில் இரண்டும் பறப்பதால், இந்த ஒரு குழப்பமே இரண்டு இனங்களின் வரைபடத்தையும் கெடுத்துவிடும். ஆகவே பக்கவாட்டில் உடல் தெரிய ஒரு படம் கட்டாயம் வேண்டும்.

எண்ணும் முறைக்குப் பிரித்தானியாவில் 1976 முதல் நடைபெறும் வண்ணத்துப்பூச்சிக் கண்காணிப்புத் திட்டத்தைப் பின்பற்றலாம். ஒரே பாதையில் ஒரே வேகத்தில் நடந்து, இரு பக்கமும் இரண்டரை மீற்றருக்குள்ளும் முன்னே ஐந்து மீற்றருக்குள்ளும் வருபவற்றை மட்டும் எண்ணுவார்கள். அங்கே ஏப்ரலில் தொடங்கி 26 வாரங்கள்தான் நடக்கிறார்கள். நமக்குக் குளிர்காலம் இல்லாததால் ஆண்டு முழுவதும் நடக்கலாம். வெயில் ஏறுவதற்கு முன், காலை எட்டரைக்கும் பதினொன்றுக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுண்டிக்குளம் தேசிய பூங்கா என்பதால், அங்கே போவதற்கு வனசீவராசிகள் திணைக்களத்திடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். எந்த இடத்திலும் பிடித்துக் குத்தி வைப்பது வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, முகமாலைப் பக்கத்திலும் அதைப்போன்ற பழைய முன்னரங்கப் பகுதிகளிலும் கண்ணிவெடி அகற்றப்பட்டது உறுதியாகத் தெரியாத பற்றைக்குள் ஒரு பிள்ளைகூட இறங்கக்கூடாது. சீட்டுக் குலுக்கலில் அப்படிப்பட்ட கட்டம் விழுந்தால் அதை எடுத்துவிட்டு, ஏன் எடுத்தோம் என்பதை வரைபடத்திலேயே எழுதுங்கள்.

தென்மராட்சி ஆசிரியை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றுப் பாடசாலை முடிந்ததும் ஐயா சொன்னபடி முதலாவது வரைபடத்தை வரைந்தோம். எங்கள் பதிவுகளில் மிகப் பெரும்பான்மையானவை மாணவர்களின் வீடுகளிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்துக்குள்ளேயே இருக்கின்றன. கேள்வி கேட்ட மாணவனே அதைக் கண்டுபிடித்தான். மணற்பரப்பில் மூன்று, தீவுப்பகுதியில் இரண்டு, செம்மண் தோட்டங்களில் இரண்டு எனச் சீட்டெடுத்திருக்கிறோம். முதற் பயணம் மணல்காட்டுக்கு. சிவப்பு உடலும் கறுப்பு உடலும் பற்றிய குறிப்பை அச்சிட்டு ஒவ்வொருவரின் கொப்பியிலும் ஒட்டியாயிற்று. உவா மரம் எங்கே நிற்கிறது என்று அந்தப் பக்கத்து ஊர்க்காரர் யாராவது இங்கே எழுதினால், அதையும் வழியில் பார்த்துக்கொண்டு வருவோம்.