தடுப்பு நரம்பு செல் என்றால் என்ன? தங்கச்சி பையனுக்கு டிராவெட் சிண்ட்ரோம்

கோபிக்காரி:
வணக்கமுங்க. டிராவெட் என்பது கைக்குழந்தையிலேயே தொடங்கும் கடுமையான வலிப்பு நோயாம். தங்கச்சி பையனுக்கு ஆறு மாசத்தில் காய்ச்சலோடு முதல் வலிப்பு வந்தது, அரை மணி நேரமாகியும் நிற்கவில்லை. அதிலிருந்து உடம்பு சுட்டாலே பயம்தான். கோயம்புத்தூரில் மரபணு டெஸ்ட் எடுத்ததில் எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவில் மாற்றம் என்று வந்திருக்கிறது. மூளையில் தடுப்பு செல்கள் சரியாக வேலை செய்யவில்லை என்றார் டாக்டர். கிரகணத்தன்று மாசமாக இருந்தவள் வெளியே போனதால்தான் இப்படி என்று புகுந்த வீட்டில் ஒரே பேச்சு, அவளும் அதையே நம்பி அழுகிறாள். கருவிலேயே அந்த செல்கள் உருவாகாமல் போய்விட்டதா? ஆட்டிசம், மனச்சிதைவுக்கும் இதற்கும் தொடர்பு என்கிறார்களே?

நொய்யல்கரை:
அக்கா, நான் நரம்பியல் ஆராய்ச்சி மாணவன். கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அதை முதலில் தங்கச்சியிடம் சொல்லுங்கள். டிராவெட் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இந்த மரபணு மாற்றம் புதிதாக வந்தது, அப்பா அம்மாவிடம் இருக்காது.

வாய்க்காலில் தண்ணீர் வந்தால் மட்டும் போதாது, பாத்தி நிறைந்ததும் மடையை அடைக்க ஆள் வேண்டும் இல்லையா, மூளையில் அந்த ஆள்தான் தடுப்பு செல். காபா என்ற வேதிப்பொருளை விட்டுப் பக்கத்து செல்களை அடக்கும். இவை பெரும்பாலும் பெருமூளைப் புறணியில், அதாவது மூளையின் மேலடுக்கில், பிறப்பதில்லை. கருவின் முன்மூளையில் அடிப்பக்கத்தில் பிறந்து, பக்கவாட்டில் வெகுதூரம் நகர்ந்து மேலே வந்து சேர்கின்றன. டிஎல்எக்ஸ்1, டிஎல்எக்ஸ்2 என்ற மரபணுக்கள் இரண்டும் இல்லாத எலிகளில் புறணிக்கு வரும் தடுப்பு செல்கள் மிகவும் குறைந்ததை 1997-ல் காட்டினார்கள். மனிதக் குழந்தைக்குப் பிறந்த பிறகும் சில மாதங்கள் முன்மடலுக்கு (நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி) இந்தப் பயணம் நடக்கிறது.

ஏஆர்எக்ஸ் என்ற வேறொரு மரபணு கெட்டால் அந்தப் பயணமே தடுமாறும். உங்கள் பையனுடைய சிக்கல் வேறு: செல்கள் பிறந்து, இடத்துக்கும் வந்துவிட்டன. ஆனால் படபடவென்று மின்துடிப்பு விட அவற்றுக்கு எஸ்சிஎன்1ஏ மரபணுவால் உருவாகும் சோடியம் கால்வாய், அதாவது செல்லுக்குள் சோடியத்தை விடும் வாசல், வேண்டும். அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டதால் அது பாதிதான் கிடைக்கிறது. பிறந்த பிறகுதான் அந்தக் கால்வாய்க்கு வேலை கூடுகிறது, அதனால்தான் முதல் சில மாதம் குழந்தை நன்றாக இருந்தான்.

மனச்சிதைவு உள்ளவர்களின் முன்மடலில் காபா தயாரிக்கும் நொதி குறைவதை இறந்தபின் செய்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. அது காரணமா, விளைவா என்பது இன்னும் முடிவாகவில்லை. பையனுக்கு மனச்சிதைவு வரும் என்று அதற்கு அர்த்தமில்லை. பேச்சு, வளர்ச்சி தாமதமும் ஆட்டிசக் கூறுகளும் டிராவெட்டில் வரலாம், அதனால் பயிற்சியை இப்போதே தொடங்குங்கள்.

பெருந்துறை அம்மா:
கண்ணு, எங்க பொண்ணுக்கும் இதேதான். கார்பமசெபின், பெனிட்டாயின், லாமோட்ரிஜின் மாதிரி சோடியம் கால்வாயை அடைக்கிற மருந்துகள் இந்த நோயில் வலிப்பைக் கூட்டிவிடும், ஏற்கனவே பலவீனமான செல்லை இன்னும் அமுக்குவதால். நோய்ப் பெயரையும் இந்த மருந்துகளையும் சீட்டில் எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்கிப் பையிலேயே வைத்திருங்கள், ராத்திரி அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும் காட்டலாம். இப்போது கொடுக்கிற மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். வலிப்பு அஞ்சு நிமிசம் தாண்டினால் என்ன கொடுப்பது என்றும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கோபிக்காரி:
ரொம்ப நன்றிங்க. அடுத்த குழந்தைக்கும் வருமா?

நொய்யல்கரை:
வாய்ப்பு குறைவு அக்கா, ஆனால் பூஜ்யம் இல்லை. சில சமயம் பெற்றோரில் ஒருவருக்குக் கொஞ்சம் செல்களில் மட்டும் இந்த மாற்றம் ஒளிந்திருக்கும். இருவருக்கும் டெஸ்ட் எடுத்துவிட்டு, மரபணு ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள்.