நவம்பர் 17 வலிப்பு விழிப்புணர்வுக் கூட்டம்: எதைச் சொல்வது, எதைச் செய்து காட்டுவது?

ஏரிக்கரை:
வணக்கம். எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியின் பள்ளி மேலாண்மைக் குழு சார்பில், தேசிய வலிப்பு நோய் தினமான நவம்பர் 17 அன்று ஒரு கூட்டம் வைக்கிறோம். பெற்றோர், மகளிர் குழுவினர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள் என ஐம்பது அறுபது பேர் வருவார்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார மாட்டார்கள். பள்ளியில் இரண்டு பிள்ளைகளுக்கு ஃபிட்ஸ் இருக்கிறது. ஊரில் பெரியவர்கள் சிலருக்கும் உண்டு, ஆனால் வீட்டார் வெளியே சொல்வதில்லை.

பேரணி, பதாகை, உறுதிமொழி என்று முடித்துக்கொள்ள எங்களுக்கு விருப்பமில்லை. கையில் சாவி கொடுப்பது இன்னும் நடக்கிறது. அதை எப்படி மாற்றுவது? பாதிக்கப்பட்ட பிள்ளையின் அம்மாவையே மேடையில் பேசச் சொல்லலாமா? கூட்டம் முடிந்த பிறகு அந்தக் குடும்பங்களுக்கு ஊர் என்ன செய்ய முடியும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வார்டு 7:
சார், நாற்பத்தைந்து நிமிடத்தில் இருபதைச் செய்முறைக்கு ஒதுக்குங்கள். காதால் மட்டும் கேட்டது பதற்ற நேரத்தில் கைக்கு வராது. பத்துப் பாய், பத்துத் துண்டு போதும். மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஒருவர் படுக்க, ஒருவர் செய்ய, ஒருவர் கடிகாரம் பார்க்கட்டும். பெண்களுக்குத் தனியிடம் வேண்டும், இல்லாவிட்டால் யாரும் படுக்க முன்வர மாட்டார்கள்.

வெட்டிவெட்டி இழுக்கும்போது கையையோ காலையோ பிடித்து அமுக்கக் கூடாது. அமுக்கினால் வலிப்பு நிற்காது, தோள் மூட்டுதான் நழுவும். சுற்றியுள்ள கல், பெஞ்சு, அடுப்பை நகர்த்துங்கள். தலைக்கு அடியில் மடித்த துண்டு. கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப் பொத்தானையும் துப்பட்டாவையும் தளர்த்திவிடுங்கள். உடனே மணி பார்க்க வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

உதறல் தளர்ந்ததும் ஒருக்களிக்க வைப்பது. அவருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, உங்கள் பக்கத்துக் கையை நேராகப் பக்கவாட்டில் நீட்டி வையுங்கள். எதிர்ப்பக்கக் கையை மார்பின் குறுக்கே கொண்டுவந்து, புறங்கை இந்தப் பக்கத்துக் கன்னத்தில் படும்படி பிடித்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி, அந்த முழங்காலை உங்கள் பக்கம் இழுத்தால் உடம்பு தானாகப் புரளும். பலம் தேவையில்லை, பத்தாம் வகுப்புப் பெண் ஒரு பெரிய ஆளைப் புரட்டிவிடலாம். வாய் சற்றுத் தரையைப் பார்த்திருந்தால் எச்சில் வெளியே வழியும். பிறகு மூச்சு சீராக வருகிறதா என்று பாருங்கள்.

வாயில் கரண்டி, துணி, விரல் எதுவும் கூடாது. நாக்கை யாராலும் விழுங்க முடியாது. கடிபட்ட நாக்கு ஆறிவிடும். உடைந்த பல் மூச்சுக்குழாயில் போனால் அதுதான் ஆபத்து. தண்ணீர் ஊற்றினாலும் அப்படித்தான், விழுங்கும் நிலை இல்லாததால் நுரையீரலுக்குள் போகும்.

சாவி விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான வலிப்பு ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் தானே நின்றுவிடும். யாரோ ஓடிப்போய்ச் சாவியைத் தேடி எடுத்து வருவதற்கும் அது அடங்குவதற்கும் நேரம் சரியாக இருக்கும், பெயர் இரும்புக்குப் போய்விடும். "மூடநம்பிக்கை" என்று திட்டினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். கூட்டத்தில் எல்லோரையும் இரண்டு நிமிடம் பேசாமல் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்காரச் சொல்லுங்கள். அது எவ்வளவு நீளம் என்று அப்போது தெரியும். அதற்குள் ஒருவர் சாவி தேடி வந்துவிட முடியும் என்று நீங்கள் சொல்லும்போது அவர்களே சிரித்துக்கொண்டு ஒத்துக்கொள்வார்கள்.

ஐந்து நிமிடம் தாண்டினால் 108. நினைவு திரும்பாமலேயே அடுத்தது வந்தாலும், வாழ்க்கையில் முதல் முறை என்றாலும், கர்ப்பிணி என்றாலும், சர்க்கரை நோயாளி என்றாலும், தண்ணீரில் விழுந்திருந்தாலும், தலையில் அடிபட்டிருந்தாலும் ஐந்து நிமிடம்வரை காத்திருக்க வேண்டாம்.

நின்ற பிறகு பத்து நிமிடம், அரை மணி நேரம் குழப்பமாக இருப்பார், எழுந்து நடக்கப் பார்ப்பார், தூங்குவார். அப்போது இழுத்துப் பிடித்தால் பயத்தில் கையை ஓங்குவார். பக்கத்திலேயே இருந்து மெதுவாகப் பேசுங்கள். சிறுநீர் போயிருந்தால் ஒரு துணி போட்டு மூடுங்கள், கூட்டத்தை விலக்குங்கள். வீட்டார் செல்பேசியில் எடுத்த காணொளி மருத்துவருக்குப் பெரிய உதவி. எந்தப் பக்கம் தொடங்கியது, கண் எந்தப் பக்கம் போனது, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அதில் இருக்கும். வேறு யாரும் எடுத்து வாட்ஸ்அப்பில் போடக் கூடாது, இதைக் கூட்டத்தில் அழுத்தியே சொல்லுங்கள்.

கரும்பலகை:
வார்டு 7 சொன்னது விழுந்து இழுக்கும் வகைக்கு. பள்ளியில் தவறவிடுவது வேறு வகை. பாடம் நடக்கும்போது குழந்தை பத்து விநாடி வெறித்துப் பார்க்கும், இமை படபடக்கும், எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிடும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடரும். ஒரு நாளில் பலமுறை வரும். நோட்டில் வாக்கியம் நடுநடுவே அறுந்திருக்கும். "கவனமில்லை" என்று அடி வாங்கும் பிள்ளைகளில் சிலருக்கு இதுதான் காரணம். பகற்கனவில் இருக்கும் குழந்தை தோளைத் தொட்டுக் கூப்பிட்டால் திரும்பும், இது திரும்பாது. சந்தேகம் வந்தால், பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் தேதியும் நேரமும் எழுதிக் கொடுங்கள். தேசிய சிறார் நலத் திட்டத்தில் அவர்கள் பார்க்க வேண்டிய நோய்ப் பட்டியலில் வலிப்பும் இருக்கிறது. அங்கிருந்து மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள்.

அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு அரைப்பக்கத் தாள் தயார் செய்யுங்கள்: வலிப்பு எப்படி இருக்கும், வழக்கமாக எத்தனை நிமிடம், மாத்திரைப் பெயரும் நேரமும், வீட்டு எண், எந்த மருத்துவமனை. தலைமை ஆசிரியர் அறையில் ஒன்று, வகுப்பாசிரியரிடம் ஒன்று. சுவரில் ஒட்ட வேண்டாம். நீளும் வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் என்ற மருந்து ஸ்பிரேயை எழுதிக் கொடுத்திருந்தால், எத்தனை முறை அழுத்த வேண்டும் என்பதை மருத்துவர் கையெழுத்தோடு அந்தத் தாளிலேயே வாங்கி வையுங்கள். ஒரு அழுத்தில் 0.5 மி.கி. வரும் புட்டியும் உண்டு, 1.25 மி.கி. வரும் புட்டியும் உண்டு. பழைய புட்டி தீர்ந்து வேறு கம்பெனி வாங்கும்போது எண்ணிக்கை மாறிவிடும், கவனம்.

விளையாட்டு வகுப்பில் ஓரமாக உட்கார வைக்காதீர்கள். ஓட்டம், கபடி, கைப்பந்து எல்லாம் ஆடலாம். கிணற்றிலும் ஏரியிலும் தனியாகக் குளிப்பது, மரம் ஏறுவது, கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி, இவைதான் கூடாது. ஒரு முறை வலிப்பு வந்ததற்காக "வீட்டிலேயே இருக்கட்டும்" என்று சொல்லும் பள்ளி, நோயை விடப் பெரிய கெடுதலைச் செய்கிறது.

மாத்திரைப்பெட்டி:
முதலுதவி எல்லோருக்கும் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வலிப்பு உள்ளவரின் வாழ்க்கையை மாற்றுவது மாத்திரை தடைபடாமல் இருப்பதுதான். சரியான மருத்துவம் கிடைத்தால் நூற்றில் எழுபது பேர்வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விலை உயர்ந்த மருந்துதான் வேண்டும் என்பதும் இல்லை. கர்நாடகத்தின் யெலந்தூரில் மருத்துவர் கே. எஸ். மணியின் குழு கிராம மக்களுக்கு ஃபீனோபார்பிட்டோன், ஃபெனிட்டாயின் என்ற பழைய மலிவான மருந்துகளையே கொடுத்துப் பலரது வலிப்பைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. அந்த ஆய்வு 2001இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

நின்றுபோன வலிப்பு மறுபடி வந்தால் முதலில் கேட்க வேண்டியது "மாத்திரை விட்டுப்போச்சா?" என்பதே. ஆறு மாதம் வராமல் இருந்தால் குணமாகிவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்துவதைப் பற்றி மருத்துவர் யோசிப்பதே பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வலிப்பு வராமல் இருந்த பிறகுதான், அதுவும் மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்து. திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். விரதம், கோயில் திருவிழா, விடிய விடியத் தெருக்கூத்து, கல்யாண வீடு என்று வரும்போது மாத்திரையும் தவறும், தூக்கமும் கெடும். இரண்டும் சேர்ந்தால் வலிப்பு நிச்சயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குடியும் அப்படித்தான்.

வீட்டில் நடக்கும் சின்னச் சின்னத் தவறுகளும் இருக்கின்றன. ஃபெனிட்டாயின் சிரப்பில் மருந்து அடியில் தங்கும். குலுக்காமல் ஊற்றினால் முதல் பாதி புட்டியில் மருந்து குறைவு, கடைசிப் பாதியில் அதிகம். மாதத் தொடக்கத்தில் வலிப்பு, கடைசியில் தள்ளாட்டம் என்றால் இதைச் சந்தேகியுங்கள். வீட்டுக் கரண்டியால் அளக்காமல் ஊசியில்லா சிரிஞ்சால் அளக்க வேண்டும். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை ஈரத்தை இழுக்கும், அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி வைக்கக் கூடாது. நீண்ட நேரம் வேலை செய்யும் வகையைப் பொடித்தும் கொடுக்கக் கூடாது. கார்பமசெபின், ஃபெனிட்டாயின் தொடங்கிய முதல் சில வாரங்களில் உடம்பில் தடிப்போ வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அம்மை என்று வேப்பிலை கட்டி உட்காரக் கூடாது.

கூட்டத்துக்குக் கிராம சுகாதார செவிலியரையும் ஆரம்ப சுகாதார நிலைய மருந்தாளுநரையும் கட்டாயம் அழையுங்கள். எந்த மருந்து அங்கே கிடைக்கும், எது தாலுகா அல்லது மாவட்ட மருத்துவமனையில்தான் கிடைக்கும் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லவையுங்கள். கடைசி அட்டை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்க வேண்டும். மாவட்ட மருத்துவமனைக்கு மாதம் ஒரு நாள் கூலியை விட்டுப் போக முடியாதவர்கள் இருப்பார்கள். ஊரிலிருந்து ஒருவர் நான்கு வீட்டுச் சீட்டையும் எடுத்துப்போய் வாங்கி வர முடியுமா என்று அங்கே முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஊர் செய்யக்கூடிய உதவி என்று கேட்டீர்களே, அதில் முதலிடம் இதற்குத்தான்.

ஏரிக்கரை:
மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். எங்கள் பக்கம் தலைக்குச் சுடுதண்ணீர் ஊற்றினால் வலிப்பு வருகிறது என்று ஒரு வீட்டில் சொன்னார்கள், அப்படி உண்டா? இன்னொன்று, கல்யாணப் பேச்சு. "வலிப்பு இருந்தால் கல்யாணம் செல்லாது" என்று கூட்டத்தில் யாராவது கேட்டால் என்ன சொல்வது?

வார்டு 7:
உண்டு. தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்திலும் நம் பக்கத்திலும், மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த வகை அது. கொதிக்கக் கொதிக்கச் செம்புசெம்பாகத் தலையில் வேகமாக ஊற்றும்போது வரும். வெதுவெதுப்பான நீர், தலைக்கு ஊற்றாமல் ஈரத்துணியால் துடைப்பது, உட்கார்ந்து குளிப்பது, உள்தாழ்ப்பாள் போடாமல் வெளியே ஒருவர் இருப்பது என்று மாற்றினாலே பலருக்கு நின்றுவிடும். நிற்காதவர்களுக்கு எண்ணெய்க் குளியலுக்கு முன் மட்டும் எடுக்கும் மாத்திரையை மருத்துவர் எழுதித் தருவார்.

கல்யாணத்தோடு சேர்த்துப் பெண்களிடம் சொல்ல வேண்டியது: வால்ப்ரோயேட் எடுப்பவர்கள் கர்ப்பமாவதற்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும், கருவின் முதுகுத்தண்டையும் பிள்ளையின் அறிவு வளர்ச்சியையும் அது பாதிக்கலாம். ஃபோலிக் அமிலத்தையும் முன்பே தொடங்க வேண்டும். ஆனால் கர்ப்பம் என்று தெரிந்ததும் தாமாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு நல்ல குழந்தை பிறக்கிறது, தாய்ப்பாலும் கொடுக்கலாம்.

மனுதாரர்:
சட்டம் பற்றி மட்டும். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்திலும் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு ஒரு தடையாக இருந்தது உண்மை. 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார்கள். வலிப்பு இருப்பதால் மட்டும் திருமணம் செல்லாமல் போகாது. மறைத்துக் கட்டிவைப்பதுதான் சிக்கல், மோசடி என்று எதிர்த்தரப்பு வழக்குப் போட இடம் கொடுக்கும். அதைவிட முக்கியம், மறைத்துக் கொண்டுபோகும் பெண் புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்து ஒளித்து விழுங்குவாள், ஒரு நாள் விடுவாள், அன்று வலிப்பு வரும். நிச்சயத்துக்கு முன்பே மருத்துவர் சீட்டோடு பேசிவிடுவது நல்லது.

ஆட்டோ ஓட்டுநர்கள் வருகிறார்கள் என்றீர்கள். ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1இல் வலிப்பு உண்டா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். வலிப்பு உள்ளவருக்கு நம் நாட்டில் உரிமம் கிடையாது. இதையும் மென்மையாக, ஆனால் மழுப்பாமல் சொல்லுங்கள்.

கரும்பலகை:
விடுபட்ட கேள்வி ஒன்று: அம்மாவை மேடையேற்றலாமா? என் கருத்து, வேண்டாம். அவர் பேசினால் பிள்ளை யாரென்று ஊருக்கே தெரியும், மறுநாள் வகுப்பில் அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "காக்கா வலிப்பு" என்று மேடையில் நீங்களும் சொல்லாதீர்கள், வலிப்பு என்றாலே போதும். கூட்டம் முடிந்ததும் செவிலியர் பக்கத்து வகுப்பறையில் ஒரு மணி நேரம் தனியாக இருப்பார் என்று அறிவியுங்கள். இரத்த அழுத்தமும் அங்கேயே பார்க்க ஏற்பாடு செய்தால், யார் எதற்காக உள்ளே போகிறார்கள் என்று வெளியே தெரியாது. நவம்பர் 1 கிராம சபையிலேயே நேரத்தைச் சொல்லிவிடுங்கள், வெளியூர் வேலைக்குப் போகிறவர்களும் திட்டமிட்டு வருவார்கள்.