மூன்று கேள்வி முறையில் யூகாஸ் பர்சனல் ஸ்டேட்மென்ட்: பழைய கட்டுரையை வைத்து எழுதலாமா?

கேள்வி
எழுதியவர்: ஹரோ அம்மா | ஆகஸ்ட் 2025

வணக்கம். என் மகள் 2026 செப்டம்பரில் குடிசார் பொறியியல் படிக்கச் செல்ல விரும்புகிறாள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் படிப்பில் கணிதம், பௌதிகவியல், புவியியல் ஆகிய மூன்றையும் எடுத்திருக்கிறாள். பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கு யூகாஸ் என்ற பொது அமைப்பு வழியாக அனுப்பும் விண்ணப்பத்தின் மற்றப் பகுதிகளை எல்லாம் நிரப்பிவிட்டாள். மாணவர் தன்னைப் பற்றி எழுதும் பர்சனல் ஸ்டேட்மென்டில்தான் வந்து நிற்கிறாள். ஒரே நீண்ட கட்டுரையாக எழுதும் முறை இந்த ஆண்டு விண்ணப்பிப்பவர்களுக்கு இல்லை என்பதும், மூன்று கேள்விகளுக்குத் தனித்தனியாக விடை எழுத வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியும். இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தாய், இதுவரை படித்தவை உன்னை அதற்கு எவ்வாறு தயார்ப்படுத்தின, பாடசாலைக்கு வெளியே வேறென்ன செய்தாய், அது ஏன் பயன்படும் என்பவையே அந்தக் கேள்விகள்.

எங்களைக் குழப்புவது இதுதான்: இந்த முறையில் எழுதி இடம் பெற்ற பிள்ளை என்று ஒருவரும் இன்னும் இல்லை, ஆகவே பார்த்துப் பழகவும் ஒன்றும் இல்லை. கையில் இருப்பது என் அக்காவின் மகன் 2023இல் மருத்துவத்துக்கு எழுதிய கட்டுரை மட்டுமே. அதை மூன்றாகப் பிரித்து, வேண்டிய இடங்களில் பொறியியல் என்று மாற்றினால் போதும் என்கிறார்கள் வீட்டில் சிலர். மகள் போகும் தனியார் வகுப்பில், மொத்தம் 4000 எழுத்துகளை மூன்றால் வகுத்து, ஒவ்வொரு விடையும் 1333 எழுத்துகளைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பியோ, அம்மம்மா போரில் இடம்பெயர்ந்து வந்த கதையை எழுதினால் வாசிப்பவர் மனத்தில் நிற்கும் என்று சொல்கிறார்.

மகளிடம் சொந்தமாகச் சொல்வதற்கு இருக்கிறது. சிறு வயதில் யாழ்ப்பாணத்தை அடுத்த தீவகத்தில் உள்ள எங்கள் ஊருக்குப் போயிருந்தபோது, பெரியம்மா வீட்டுக் கிணற்றில் தண்ணீர் உவராக இருந்தது. ஓர் ஒழுங்கை தள்ளியிருந்த கிணற்றில் நல்ல தண்ணீர். ஏன் அப்படி என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டே இருந்தாள். சென்ற ஆண்டு பாடசாலையில் செய்த, மாணவர் தாமே தலைப்பைத் தேர்ந்து செய்யும் ஈ.பி.க்யூ. ஆய்வுக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீரையே எடுத்தாள். இவை தவிர, பரதநாட்டிய அரங்கேற்றம் செய்திருக்கிறாள். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலையில் சிறுவர்களுக்கு உதவுகிறாள். இவற்றில் எதை எங்கே வைப்பது, எதை விடுவது என்று தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி 1
எழுதியவர்: பௌதிகவியல் ஆசிரியர், லெஸ்டர்

வணக்கம் அம்மா. பல ஆண்டுகளாக இங்கே ஏ லெவல் பிள்ளைகளின் யூகாஸ் விண்ணப்பங்களைப் பார்த்து வருகிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் 1333 கணக்கு. அப்படி ஒரு விதி இல்லை. இடைவெளிகள் உட்பட மொத்தம் 4000 எழுத்துகள் என்ற பழைய எல்லை அப்படியே இருக்கிறது. கேள்விகளின் வாசகம் அந்தக் கணக்கில் சேராது. புதிதாக வந்திருப்பது ஒவ்வொரு விடைக்கும் குறைந்தது 350 எழுத்துகள் இருக்க வேண்டும் என்பது மட்டுமே. மூன்றுக்கும் சேர்த்து 1050 போனால், மீதமுள்ள 2950 எழுத்துகளை எங்கே செலவிடுவது என்பது முழுக்க மாணவியின் தீர்மானம். உங்கள் மகளைப் போல ஆய்வு செய்தவர், பாடத்தோடு நேரடித் தொடர்புள்ளவற்றைச் செய்தவர், முதலிரண்டு விடைகளுக்கு அதிக இடம் கொடுப்பதே நியாயம். சமமாகப் பங்கிட்டால், சொல்ல அதிகம் உள்ள இடத்தில் வெட்டவும் குறைவாக உள்ள இடத்தில் நிரப்பவும் நேரும்.

இந்த மாற்றம் ஏன் வந்தது என்பதை அறிந்தால் எழுதுவது எளிதாகும். 2023 ஜனவரியில் யூகாஸ் வெளியிட்ட அறிக்கையிலேயே இதற்கான காரணம் இருந்தது. கட்டுரை எழுதுவது மன அழுத்தம் தருவதாகவும், பிறர் உதவியின்றி எழுதி முடிப்பது கடினம் என்றும் மாணவர்களில் பெரும்பாலோர் சொல்லியிருந்தார்கள். கட்டமைப்பே இல்லாத வெற்றுப் பக்கம், வீட்டிலோ பாடசாலையிலோ வழிகாட்ட ஆள் உள்ள பிள்ளைக்குத்தான் சாதகமாக இருந்தது. பல்கலைக்கழகங்கள் அறிய விரும்புவதை நேராகவே கேட்டுவிடுவதுதான் புதிய முறை. ஆகவே கவர்ச்சியான தொடக்கம், மேற்கோள், பத்திகளை இணைக்கும் வாக்கியங்கள், முடிவுரை எதுவும் இனித் தேவையில்லை. பழைய கட்டுரைகளில் இவற்றுக்கே கணிசமான இடம் போய்க்கொண்டிருந்தது.

உங்கள் மகளின் கிணறு முதல் விடையின் முதல் வாக்கியத்துக்கு உரியது. அது உருக்கமான நினைவு என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அந்தக் கேள்வி நேரே பாடத்துக்குள் கொண்டுபோகிறது. சுண்ணாம்புக்கல் நிலத்தில் நன்னீர் அடர்த்தி கூடிய கடல்நீரின் மேல் மிதந்து நிற்பதையும், அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்புநீர் மேலேறுவதையும் அவர் தன் ஆய்வில் படித்திருப்பார். கேள்வி எங்கே பிறந்தது, அது எந்தப் படிப்புக்குக் கொண்டுபோனது, அந்தப் படிப்பில் இன்னும் எதை அறிய விரும்புகிறார் என்று மூன்று நான்கு வாக்கியங்களில் எழுதினால் முதல் விடையின் பெரும்பகுதி முடிந்துவிடும். ஈ.பி.க்யூ. ஆய்வைப் பற்றிய விவரம் இரண்டாம் விடைக்குப் போகட்டும். மூன்று விடைகளையும் சேர்த்து ஒன்றாகவே வாசிப்பார்கள் என்று யூகாஸ் சொல்லியிருப்பதால், ஒரே செய்தியை இரண்டு இடங்களில் எழுதுவது வீண். அதே காரணத்தால், ஒன்றை இந்த விடையில் வைத்தோமா அந்த விடையில் வைத்தோமா என்று அஞ்சவும் வேண்டாம்.

இரண்டாம் விடையில்தான் நான் பார்க்கும் பிள்ளைகள் பெரும்பாலும் வழுக்குகிறார்கள். "பௌதிகவியல் என் பிரச்சினை தீர்க்கும் திறனை வளர்த்தது" என்ற வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதற்குப் பதிலாக, ஒரு பொருளின் விறைப்பைக் காட்டும் யங் மட்டை அளக்கும் செய்முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ லெவல் மாணவர் எல்லோரும் அதைச் செய்திருப்பார்கள். ஆனால் மெல்லிய கம்பியின் விட்டத்தை மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளந்து சராசரி எடுப்பது ஏன் என்று எழுதுகிறவர் குறைவு. குறுக்குவெட்டுப் பரப்பைக் கணிக்கும்போது விட்டம் வர்க்கமாகிறது. விட்டத்தில் நேரும் சதவீத வழு பரப்பில் இரட்டிப்பாகிறது. ஒரு தூணையோ பாலத்தையோ திட்டமிடுகிறவருக்கு அந்த வழு என்ன அர்த்தம் தரும் என்பதை இரண்டு வாக்கியங்களில் சொன்னால், அந்த மாணவி செய்முறையைப் புரிந்து செய்தார் என்பது வாசிக்கும் விரிவுரையாளருக்கு உடனே தெரிந்துவிடும். பெறுபேறுகளை இங்கே பட்டியலிட வேண்டாம். அவை விண்ணப்பத்தின் வேறு பகுதியில் இருக்கின்றன.

அரங்கேற்றத்தைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஏனெனில் அதன் பின்னால் எத்தனை ஆண்டு உழைப்பும் பெற்றோரின் தியாகமும் இருக்கின்றன என்பதை நன்றாக அறிவேன். ஆனால் மூன்றாம் கேள்வி அது ஏன் பயன்படும் என்றும் சேர்த்தே கேட்கிறது. எந்தெந்த உருப்படிகள் ஆடினார், எத்தனை பேர் வந்தார்கள் என்பவற்றுக்கு அங்கே இடமில்லை. ஏ லெவல் பாடங்களோடு பல மாதப் பயிற்சியை எப்படித் திட்டமிட்டுக் கொண்டுசென்றார் என்று ஒரு வாக்கியம் போதும். என் மதிப்பில் தமிழ்ப் பாடசாலை உதவியே அதைவிட வலுவானது. ஒரு சிறுவனுக்கு விளங்காத ஒன்றை வேறு விதமாகச் சொல்லி விளங்கவைத்த அனுபவம், குழுவாக வேலை செய்யும் பொறியியல் படிப்பில் நேரடியாகப் பயன்படும்.

மறுமொழி 2
எழுதியவர்: பொறியியல் இரண்டாம் ஆண்டு

அன்ரி, நான் பழைய முறையில் எழுதி உள்ளே வந்தவள். ஆசிரியர் சொன்னவற்றோடு ஒரு முக்கியமான எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன்.

உங்கள் அக்காவின் மகனுடைய கட்டுரையை வாசிப்பதில் தவறில்லை. ஆனால் அதிலிருந்து வாக்கியங்களை எடுக்கவே வேண்டாம். வரும் ஒவ்வொரு ஸ்டேட்மென்டையும் முன்பு சமர்ப்பிக்கப்பட்டவற்றோடு யூகாஸ் கணினி மூலம் ஒப்பிட்டுப் பார்க்கிறது. 2023இல் அவர் அனுப்பிய கட்டுரையும் அவற்றில் ஒன்றாக இருக்கும். ஒற்றுமை அதிகமாக இருந்தால் மாணவருக்கும் அவர் தேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கும் அறிவிப்பு போகும். என்ன செய்வது என்பதைப் பல்கலைக்கழகம் தீர்மானிக்கும். எங்கள் சமூகத்தில் அண்ணாவின் கட்டுரை தங்கைக்கும் அவளிடமிருந்து மச்சாளுக்கும் கைமாறுவது வழக்கமாகிவிட்டதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சாட்ஜிபிடி போன்றவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். எண்ணங்களைத் திரட்டவும் ஒழுங்குபடுத்தவும் பயன்படுத்தலாம். முழுவதையுமோ பெரும்பகுதியையோ அதைக்கொண்டு எழுதித் தன்னுடையதாக அனுப்புவது ஏமாற்றாகக் கருதப்படலாம் என்று யூகாஸ் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

ஒரே ஸ்டேட்மென்ட்தான் அவர் தேர்ந்தெடுக்கும் ஐந்து இடங்களுக்கும் போகும் என்பதால் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் உள்ளே எழுத வேண்டாம். அனுப்பிய பிறகு ஒரு எழுத்தையும் திருத்த முடியாது. ஆகவே கடவுச்சொல் போட்டுத் திறக்கும் அந்தப் பெட்டிக்குள் நேரடியாக எழுதாமல், வேறோர் ஆவணத்தில் எழுதி, சத்தமாக வாசித்துப் பார்த்துவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். ஒக்ஸ்ஃபோர்ட் அல்லது கேம்பிரிட்ஜ் பட்டியலில் இருந்தால் அக்டோபர் 15 மாலை 6 மணி கடைசி நேரம். இல்லாவிட்டால் 2026 ஜனவரி 14 மாலை 6 மணி.

மறுமொழி 3
எழுதியவர்: நியூ ஜெர்சி தந்தை

உங்கள் தம்பி அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார், சகோதரி. ஆனால் அவர் சொன்னது எங்கள் ஊருக்குப் பொருந்துவது. இங்கே பல கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் ஆப் என்ற விண்ணப்பத்தின் வழியாக விண்ணப்பிக்கும் பிள்ளை 650 சொற்களுக்குள் எழுதும் முதன்மைக் கட்டுரை, அந்தப் பிள்ளை யார் என்பதைப் பற்றியது. என்ன பாடம் படிக்கப் போகிறார் என்பது அதில் ஒரு வரியில்கூட வராமல் போகலாம். அம்மம்மாவின் கதை பேத்தியை எவ்வாறு உருவாக்கியது என்று எழுதினால் இங்கே அதற்கு இடமுண்டு. இங்கிலாந்தில் வாசிப்பவர் பெரும்பாலும் அந்தத் துறைக்கான மாணவரைத் தேடுகிறார். கேட்கும் கேள்வியே வேறு.

இங்கும் கேள்விகள் நிலையாக இருப்பதில்லை. சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தபோது, இனம் தன் வாழ்வை எவ்வாறு பாதித்தது என்று மாணவரே எழுதுவதைப் பல்கலைக்கழகம் கருத்தில் கொள்ளலாம் என்றும் அதில் சொல்லப்பட்டது. அதன் பிறகு பல கல்லூரிகள் முதன்மைக் கட்டுரையோடு தாம் தனியாகக் கேட்கும் துணைக் கேள்விகளைத் திருத்தின. ஹார்வர்ட் ஐந்து குறுங்கேள்விகளுக்கு மாறியது. முதலில் ஒவ்வொன்றுக்கும் 200 சொற்கள், அடுத்த ஆண்டே 150. இந்த ஆகஸ்டில் காமன் ஆப் தன் கூடுதல் தகவல் பகுதியை 650 சொற்களிலிருந்து 300க்குக் குறைத்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த பிள்ளையின் ஆலோசனையை நாங்களும் அந்த ஆண்டின் படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: ஹரோ அம்மா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மகளும் என்னோடு அமர்ந்து வாசித்தாள். 1333 கணக்கை அன்றைக்கே கைவிட்டுவிட்டாள். இன்னும் ஒன்றைக் கேட்க வேண்டும். சென்ற ஆண்டு அவளுடைய அப்பா நீண்ட நாள் மருத்துவமனையில் இருந்தார். அந்தக் காலத்தில் எழுதிய பரீட்சைகளில் அவளுடைய பெறுபேறு இறங்கியது. பாடசாலை முன்னறிவிக்கும் தரங்களிலும் அது தெரியுமோ என்று பயப்படுகிறாள். இதை மூன்றாம் விடையில் விளக்க வேண்டுமா?

மறுமொழி 4
எழுதியவர்: பௌதிகவியல் ஆசிரியர், லெஸ்டர்

உங்கள் கணவர் இப்போது நலமாக இருப்பார் என்று நம்புகிறேன், அம்மா. பெறுபேறு குறைந்ததற்கான விளக்கத்தை ஸ்டேட்மென்டில் எழுத வேண்டியதில்லை. 2024 நுழைவிலிருந்து ஆசிரியர் எழுதும் பரிந்துரையும் மூன்று பகுதிகளாக மாறிவிட்டது. அவற்றில் ஒன்று இத்தகைய சூழ்நிலைகளைச் சொல்வதற்கென்றே இருக்கிறது. பாடசாலை சொல்லும்போது அதற்குச் சாட்சியின் கனம் உண்டு. மகளின் எழுத்துகளும் மிச்சமாகும். அந்தக் காலத்தில் வீட்டுப் பொறுப்புகளை அவர் ஏற்று நடத்தியிருந்தால், அதை மட்டும், அதிலிருந்து கற்றுக்கொண்டதோடு சேர்த்து, மூன்றாம் விடையில் எழுதலாம். குடும்பப் பொறுப்புகள் அந்தக் கேள்விக்குள் அடங்குபவையே.

ஆனால் பாடசாலைக்குத் தெரியாததை ஆசிரியர் எழுத முடியாது. யூகாஸின் இறுதி நாளுக்குப் பல வாரங்கள் முன்பே பாடசாலைகள் தமக்கென ஒரு நாளைக் குறித்துவிடும் என்பதால், செப்டம்பர் முதல் வாரத்திலேயே சிக்ஸ்த் ஃபோர்ம் எனப்படும் ஏ லெவல் வகுப்புகளின் பொறுப்பாசிரியரைச் சந்தித்து, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்தெந்தப் பரீட்சைகள் பாதிக்கப்பட்டன என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பரிந்துரையில் எந்த அளவுக்குச் சொல்லலாம் என்பதை மகளே தீர்மானித்து அவரிடம் தெரிவிக்கட்டும். முதல் விடையின் வரைவு ஆயத்தமானதும் தனிமடலில் அனுப்பச் சொல்லுங்கள். நான் திருத்தி எழுதித் தர மாட்டேன், ஆனால் எந்த இடத்தில் கூடுதல் விளக்கம் வேண்டும் என்று குறித்து அனுப்புகிறேன்.