எங்கள் ஆயாவின் வாழ்க்கையை நினைவு மலராக எழுத வழி கேட்கிறேன்

காவேரிப்பட்டினம் பேத்தி:
அனைவருக்கும் வணக்கம். அப்பாவைப் பெற்ற எங்கள் ஆயா சென்ற வைகாசியில் காலமானார். தலைத்திவசத்துக்குக் கூடும் உறவினர்களுக்குக் கொடுக்க ஒரு சிறிய நினைவு மலர் அச்சிட விரும்புகிறோம். தாத்தா இளம் வயதிலேயே தவறிவிட்டார். அதன் பிறகு, மாசி, பங்குனியில் வியாபாரிகள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போகும் புளியை ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை நீக்கிக் கொடுத்துப் பெற்ற கூலியைக் கொண்டும், இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தில் விளைந்த கேழ்வரகைக் கொண்டும் ஐந்து பிள்ளைகளை ஆளாக்கியவர் அவர்.

பெரியப்பா எழுதிக் கொடுத்த குறிப்பில் ‘அன்பே உருவானவர், பொறுமையின் சிகரம்’ என்பன போன்ற வாக்கியங்களே இருக்கின்றன. அவை உண்மைதான், ஆனால் அவற்றைப் படித்தால் எங்கள் ஆயா கண்முன் வரவில்லை. ஆதாரில் பிறந்த ஆண்டு 1942 என்று இருக்கிறது. அவரோ தாம் தாது வருடத்தில் பிறந்ததாகவே சொல்லி வந்தார். தாது வருடப் பஞ்சம் 1876-இல் அல்லவா வந்தது? கிருஷ்ணகிரி அணை கட்டியபோது மண் சுமந்ததாகவும் கூறியிருக்கிறார். இவற்றை வைத்து எப்படி எழுதுவது?

பாலக்கோடு ஆசிரியர் (ஓய்வு):
ஆயா சொன்னதை நம்புங்கள், அம்மா. தமிழ் வருடங்கள் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வருபவை. பஞ்சம் வந்த தாது 1876-இல் பிறந்தது; அடுத்த தாது 1936 சித்திரையில் தொடங்கி 1937 பங்குனியில் முடிந்தது. அணை வேலை நடந்தது 1950-களின் நடுப்பகுதியில். 1942-இல் பிறந்திருந்தால் அப்போது அவர் சிறுமி. 1936 என்றால் இருபது வயதை ஒட்டிய பெண். மண் சுமந்த கதைக்கு இரண்டாவதே பொருந்துகிறது. ஆதாரில் உள்ள ஆண்டு, பிறப்புச் சான்று இல்லாத பெரியவர்களுக்கு உத்தேசமாகப் பதியப்பட்டதாக இருக்கக்கூடும்.

மற்ற நிகழ்வுகளையும் இப்படியே ஆண்டுகளோடு பொருத்திப் பாருங்கள். 1957 ஏப்ரலில் அணாவுக்குப் பதிலாக நயா பைசா வந்தது. அணாவில் கூலி வாங்கியதாக அவர் யாரிடமாவது சொல்லியிருந்தால் அது பெரும்பாலும் அதற்கு முந்தைய காலம், அணா சில காலம் புழக்கத்தில் நீடித்தது என்றாலும். 1965 அக்டோபர் 2-இல் தருமபுரி மாவட்டம் பிறக்கும் வரை உங்கள் பகுதி சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. ஆகவே வீட்டிலுள்ள பழைய பத்திரங்களில் எந்த ஜில்லாவின் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஊத்தங்கரையிலிருந்து:
ஆண்டுகளை விட முக்கியமானது ஒன்று உண்டு. ஆயாவுக்கு ஒப்பாரி வைத்த மூத்த பெண்களிடம் சென்று, அன்று என்ன சொல்லி அழுதார்கள் என்று கேட்டு, அவர்கள் சம்மதித்தால் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறந்த வீடு, வாழ வந்த வீடு, பறிகொடுத்த பிள்ளை, பட்ட கடன் என்று, வேறு எந்தத் தாளிலும் இல்லாத செய்திகள் அங்கே வரிசையாக வரும். ஆண்கள் எழுதும் குறிப்புகளில் இவை விடுபட்டுப் போவதை நான் பல மலர்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

அவருடைய கைவேலையையும் எழுதுங்கள். என் தாயார் களி கிளறும்போது, நொய் குழைந்ததும் கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டி மூடிவிட்டு, சிறிது நேரம் கழித்துப் பானையை இறக்கி, அது அசையாதபடி கவைக்கோலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு துடுப்பால் கட்டி விழாமல் கிளறுவார். நனைத்த விரலால் தொட்டுப் பார்த்து, ஒட்டவில்லை என்றால்தான் உருண்டை பிடிப்பார். இதைப் படிக்கும் என் தங்கைகளுக்கு ‘பொறுமையின் சிகரம்’ என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

காவேரிப்பட்டினம் பேத்தி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னபடி பெரியப்பாவின் பெட்டியைத் திறந்து பார்த்தோம். ‘சேலம் ஜில்லா, கிருஷ்ணகிரி தாலுக்கா’ என்று தொடங்கும் 1963-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் கிடைத்தது. அந்த மானாவாரி நிலம் தாத்தா வாங்கியது என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். எழுதி வாங்கியவர் என்று இருப்பது ஆயாவின் பெயர். பெரியப்பாவுக்கே இது தெரியாது! பணம் எங்கிருந்து வந்தது என்பதை இப்போது சொல்லக்கூடியவர் போச்சம்பள்ளியில் இருக்கும் ஆயாவின் தங்கை ஒருவரே. ஞாயிற்றுக்கிழமை அத்தையுடன் அங்கே செல்கிறேன். ஒப்பாரியையும் அவரிடமே கேட்டுப் பதிவு செய்துகொண்டு வந்து, எழுதியதை இங்கே காட்டுகிறேன்.