மலைச் சாலையில் எதிர்ப்பட்டவர்கள்: சைக்கிள் பயணிகளின் அனுபவப் பகிர்வு

கோம்பாக் பெடல்

கோலாலம்பூர் பழைய கோம்பாக் சாலையை இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. காராக் நெடுஞ்சாலை வருவதற்கு முன் பெந்தோங் போக அதுதான் வழி. இப்போது நம்மைப் போன்றவர்களும் சில லோரிகளும்தான். சனிக்கிழமை காலை, பன்னிரண்டாங் கட்டை ஓராங் அஸ்லி மருத்துவமனை தாண்டி, கெந்திங் செம்பாவுக்கு ஏறிக்கொண்டிருந்தேன். கூட வந்தவர்கள் எப்போதோ முன்னால் போய்விட்டார்கள்.

பின்னால் கப்சாய், அதாவது சின்ன மோட்டார் சைக்கிள், சத்தம். முந்திப் போகட்டும் என்று ஓரம் ஒதுங்கினேன். போகவில்லை. திரும்பிப் பார்த்தால் ஓர் ஓராங் அஸ்லி (பழங்குடி) பெரியவர், ஹெல்மெட்டுக்குக் கீழே நரைத்த முடி, இரண்டு கைப்பிடியிலும் பெத்தாய்க் காய்க் கட்டு தொங்குகிறது. நான் நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூடப் போகிறேன். அவரும் அதே வேகம். முதல் கியரில் இன்ஜின் முனகுகிறது. "போங்க பாக்சிக்" என்று கையைக் காட்டினேன். தலையை மட்டும் ஆட்டினார்.

சாலை குறுகும் வளைவு வந்தால் அவர் நடுவுக்கு வந்துவிடுவார். ஓரிடத்தில் பின்னால் லோரி வந்து ஹாரன் அடித்தது. இடது கையைப் பின்பக்கம் நீட்டி, விரல்களை அகல விரித்து, பொறு என்று காட்டினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லோரி பொறுத்தது. வளைவு முடிந்ததும் அதே கையால் போ என்று அசைத்தார்.

உச்சியில் நின்று நன்றி சொல்லத் திரும்பினால், மோட்டாரைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். வந்த வழியே இறங்கிப் போய்விட்டார். அவருக்கு மேலே வர வேண்டிய வேலையே இல்லை!

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பெத்தாய் விற்கும் ஒட்டுக்கடைகளில் தேடுகிறேன். ஆளைக் காணோம். எதற்காக வந்தார்? அந்த வளைவுகளில் முன்பு எதைப் பார்த்திருப்பார்? உங்களுக்கும் இப்படி யாராவது எதிர்ப்பட்டிருந்தால் எழுதுங்கள்.

பின்சக்கரம்

ஃபிரேசர் மலை. கோல குபு பாருவிலிருந்து அணையைச் சுற்றி, கேப் என்ற கணவாய் வழியாக ஏறும் அந்த 40 கிலோமீட்டர் சொச்சத்தைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசியாகிவிட்டது. நான் சொல்ல வந்தது இறக்கம்.

கேப்பிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் தகரக் கூரை போட்ட சின்ன முனியாண்டி கோயில். வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த ஐயா விளக்குமாற்றைக் குறுக்கே நீட்டி நிறுத்தினார். "தம்பி, பிரேக் வாசம் அடிக்குது. இறங்கு." எனக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். உள்ளே போய்ச் செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து சக்கரத்தின் ரிம்மில் விட்டார். தோசைக் கல்லில் தெளித்த மாதிரி சொய்ங் என்று ஆவி கிளம்பியது.

மலைக்குச் சாமான் லோரி ஓட்டியவராம். அந்தக் காலத்தில் கேப்பில் கேட் உண்டு: ஒரு மணி நேரம் ஏறுவதற்கு, ஒரு மணி நேரம் இறங்குவதற்கு. நேரம் தவறினால் அங்கேயே காத்துக் கிடக்க வேண்டும். 1951 அக்டோபரில் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் கர்னி துரையைக் கம்யூனிஸ்டுகள் சுட்டது இந்தச் சாலையில்தான் என்று கீழே கை காட்டினார். பினாங்கில் கர்னி டிரைவ் என்கிறோமே, அந்தக் கர்னிதான். ஐயாவுடைய அப்பாவுக்கு அப்போது இதே சாலையில் வேலையாம். ரிம் ஆறும்வரை உட்கார வைத்து, வாழைப்பழம் கொடுத்து, திருநீறு பூசி அனுப்பினார்.

நான் கோயிலை நெருங்கும் முன்பே அந்த விளக்குமாறு குறுக்கே வந்துவிட்டது. எதிர்க்காற்று வேறு. அத்தனை தூரத்திலிருந்து அவருக்கு எப்படித் தெரிந்தது? இதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை.

முப்பத்து நாலு பல்

என் கதை சின்னது. உலு லங்காட்டிலிருந்து கெந்திங் பெராஸ் ஏறும்போது, எதிரே வந்த டுரியான் லோரிக்காரர் கண்ணாடியை இறக்கி "அத்தாஸ் ஹூஜான்!" என்று கத்திவிட்டுப் போனார். மேலே மழை. நான் திரும்பிவிட்டேன். கேட்காமல் ஏறிய நண்பருக்கு இறக்கத்தில் ஈரச் சருகு வழுக்கி, காறை எலும்பு முறிந்தது. அந்த லோரிக்காரர் மட்டும் கத்தாமல் போயிருந்தால் நானும் மேலேதான் இருந்திருப்பேன்.

பின்சக்கரம் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். சூடான ரிம்மில் தண்ணீர் ஊற்றுவதை யாரும் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். கார்பன் ரிம் என்றால் தொடவே கூடாது. டிஸ்க் பிரேக் என்றால் தகடு கோணிக்கொள்ளலாம். நிழலில் நிறுத்தினால் காற்றே ஆற்றிவிடும். சூடு ஏறுவதற்குக் காரணம் பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்குவது. வளைவுக்கு முன்னால், சக்கரம் நேராக இருக்கும்போது, அழுத்திப் பிடியுங்கள். வேகம் குறைந்ததும் முழுக்க விட்டுவிட்டு வளையுங்கள். விட்டிருக்கிற அந்த நேரத்தில்தான் ரிம் ஆறும். நேர்ச்சாலையில் நிமிர்ந்து உட்கார்ந்தால் நெஞ்சில் படும் காற்றே பாதி பிரேக். முன்பிரேக்குக்குப் பயந்து பின்பிரேக்கை மட்டும் பிடிப்பவர்கள் ஒரே சக்கரத்தைக் காய்ச்சுகிறார்கள். ரிம் கொதித்தால் உள்ளே காற்றழுத்தம் கூடும், டியூப் வெடிக்கும். மழையில் ரிம் பிரேக் பிடிக்கக் கொஞ்ச தூரம் எடுக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். ஏற்றம் ஏற, முன்பக்கச் சின்னப் பல்சக்கரம் 34 பல், பின்பக்கப் பெரியது 32 அல்லது 34. இதில் கௌரவம் பார்த்தால் முழங்கால் போகும். மதியத்துக்கு மேல் நம் மலைகளில் இடி மழை வரும்; அதற்குள் கீழே வந்து பசியாறிவிட வேண்டும்.

கோம்பாக் பெடல், உங்கள் பெரியவர் நல்ல மனசுக்காரர்தான். ஆனால் வளைவில் மெதுவாகப் போகும் மோட்டாரும் லோரிக்குத் தெரியாது. அடி முதலில் அவருக்குத்தான் விழுந்திருக்கும். பின்னால் சிவப்பு விளக்கு போட்டுப் போங்கள், பகலிலும்.

கோம்பாக் பெடல்

அண்ணே, விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அடி முதலில் அவருக்குத்தான் விழும் என்பது அவருக்கும் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

தண்ணீர்மலை

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஆண்கள் எழுதும் கதைகளில் வாகனம் என்றால் லோரி. எனக்கு அது கார்.

தெலுக் பஹாங் அணை தாண்டி பாலிக் பூலாவுக்கு ஏறும் சாலை, தீத்தி கெராவாங் அருவிக்கு முன்னால். இரண்டு பக்கமும் பழத்தோட்டம், வீடு கிடையாது. ஒரு கார் என்னைத் தாண்டிப் போய் நின்றது. நான் தாண்டினேன். மறுபடி வந்து பக்கத்திலேயே ஊர்ந்தது. கண்ணாடி இறங்கியது. உள்ளே இரண்டு பேர். என்ன சொன்னார்கள் என்று எழுத விருப்பமில்லை. ஏற்றத்தில் வேகம் எடுக்க முடியாது, திரும்பி இறங்கினால் அவர்களும் திரும்பலாம்.

அடுத்த வளைவில் ஒரு மாக்சிக்குடைய (மலாய்க்கார அம்மா) கடை: ஜாதிக்காய் ஜூஸ், வாழைப்பழப் பலகாரம். எண்ணெய்ச் சட்டியில் கரண்டியோடு நின்றவர் என் முகத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "மாசோக், அடேக்" என்றார். நான் சைக்கிளோடு உள்ளே போனேன். அவர் எண்ணெய் சொட்டும் கரண்டியோடு சாலைக்கு வந்து, காருக்கு முன்னால் நின்று, நம்பர் பலகையை ஒவ்வோர் எழுத்தாக, ஒவ்வோர் எண்ணாக, உரக்கப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். அவர்களைத் திட்டவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. கார் பின்னால் போய்த் திரும்பி ஓடியது.

திரும்பி வந்து அடுப்பைக் குறைத்தார். "பலகாரம் கருகிப்போச்சு" என்றார். காசு வாங்கவில்லை. பாலிக் பூலாவிலிருந்து தம்பி வேன் கொண்டுவரும்வரை என்னை நகர விடவில்லை.

நான் இன்னும் அந்தச் சாலையில் ஓட்டுகிறேன். தனியாகப் போகாதே என்று யாரும் பதில் எழுத வேண்டாம். அதை வீட்டிலேயே போதுமான அளவு கேட்டுவிட்டேன்.

காற்றெதிர்

தங்கச்சி, அந்த மாக்சிக்கை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. என்னுடையது வெளிநாட்டில் நடந்தது.

அக்கா மகள் நியூகாசலில் படித்தபோது, ஒரு ஜூன் மாதம் போய் அந்தக் கடலுக்குக் கடல் பாதையை ஓட்டினேன். ஒயிட்ஹேவனில் தொடங்கி இங்கிலாந்தைக் குறுக்கே கடந்து வடகடல் வரை, சுமார் 225 கிலோமீட்டர். அதில் ஹார்ட்சைட் உச்சி 580 மீட்டர்தான், ஃபிரேசர் மலையில் பாதிகூட இல்லை. ஆனால் அதற்கு அப்பால் வரும் மூர் நிலம் நம் கண்ணுக்குப் பழக்கமில்லாதது. ஒரு மரம் கிடையாது. கரேலென்று ஈரம் ஊறிய மண், முழங்கால் உயரத்துக்கு ஹெதர் புதர், மறைப்பே இல்லாமல் காற்று. வேலியும் இல்லை, ஆடுகள் சாலையிலேயே படுத்திருக்கும். ஆடு தாண்டாமல் இருக்கச் சாலைக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்திருப்பார்கள், நேராகக் கடக்க வேண்டும், சாய்த்தால் சக்கரம் சிக்கும்.

நென்ட்ஹெட் தாண்டி ஏறும்போது முன்னால் போன நாலைந்து பேர் நின்று எதையோ படம் எடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். நான் அங்கே வந்தபோது பார்த்தேன்: கம்பளி கத்தரிக்காத பெட்டைச் செம்மறி, மல்லாக்கக் கிடந்தது. நாலு காலும் மேலே. வயிறு உப்பியிருந்தது. கால்கள் அசைவதே நின்றுபோய், மூச்சு மட்டும் விட்டு விட்டு வந்தது.

நான் தோட்டத்தில் பிறந்தவன். அம்மா லயத்துக்குப் பின்னால் ஆடு வளர்த்தார். மல்லாக்க விழுந்த ஆடு தானாக எழ முடியாவிட்டால் வயிற்றில் காற்று சேர்ந்து சில மணி நேரத்தில் செத்துவிடும். சைக்கிளைப் போட்டுவிட்டுப் போய்ப் புரட்டினேன். கம்பளி மழையில் ஊறி அப்படி ஒரு கனம். எதிர்ச் சரிவில் நாலு சக்கர மோட்டாரில் வந்துகொண்டிருந்த விவசாயி வேகமாக வந்து சேர்ந்தார், நாயோடு. நான் ஆட்டை முழங்காலுக்கு நடுவில் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, எந்த நாடு என்றுகூடக் கேட்கவில்லை. எத்தனை ஆடு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

ஆடு பிழைத்தது. என் மனசில் நிற்பது முன்னால் போனவர்களின் சிரிப்பு. கெட்டவர்கள் இல்லை, விளையாடுகிறது என்று நினைத்திருப்பார்கள். அந்தப் படம் இன்னும் யாருடைய கைப்பேசியிலோ இருக்கும்.

பின்சக்கரம்

அண்ணே, எங்கே பிடித்துப் புரட்ட வேண்டும்? நம் பக்கம் தோட்டத்துச் சாலைகளிலும் ஆடு மேய்கிறதே.

காற்றெதிர்

காலைப் பிடித்து இழுக்காதே, மூட்டு விலகும். முதுகுப் பக்கமாக நின்று, தோளிலும் பின்தொடையிலும் கம்பளியை ஆழமாகப் பிடித்து உன் பக்கம் உருட்டு. நம்மூர் ஆட்டில் பிடிக்கக் கம்பளி இருக்காது. தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் கையைக் கொடு. எழுந்ததும் விட்டுவிடாதே. வயிற்றுக் காற்று ஏப்பமாக வெளியேறும்வரை முழங்காலுக்கு நடுவில் நிறுத்திப் பிடி. உடனே விட்டால் தள்ளாடி மறுபடி அதே பக்கம் சாயும்.